கடைசித் தடவைக்கு ஏன் ஒருவரும் தேங்காய் உடைப்பதில்லை?

கொக்குவில்வாசி – ஞாயிறு, மாலை 6.10

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் முதல் என்று ஒன்று வந்துவிட்டால் சும்மா விடமாட்டோம். பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிவு. முதல் பல்லு வெளியே தெரிந்தால் பல்லுக்கொழுக்கட்டை. தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல வரிசையாகக் குத்திய கொழுக்கட்டையைப் பிள்ளையின் தலையில் வெள்ளைத் துணி பிடித்து அதன்மேல் கொட்டுவார்கள். பிறகு புத்தகம், பேனை, நகை, கத்தி என்று பரப்பிவைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று வந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். விஜயதசமிக்கு ஏடு தொடக்கல். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்திய வீடு. புது மோட்டார்சைக்கிள் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய். வளவில் வாழை முதல் குலை தள்ளினால் அது கோயிலுக்கு.

கடைசிக்கு என்ன இருக்கிறது? செத்த பிறகு எட்டுச்செலவும் அந்தியேட்டியும். அதையும் சம்பந்தப்பட்ட ஆள் பார்க்கப் போவதில்லை.

தெரிந்தே நடந்த கடைசி என்று எனக்கு இருப்பது வேலையின் கடைசி நாள். அரசாங்க வேலைக்காரரின் ஓய்வு வயதை 65 ஆக்கியவர்கள் அதே வருடத்திலேயே திரும்பவும் 60 ஆக்கினார்கள் அல்லவா, 2022 டிசம்பர் 31 உடன் ஒரேயடியாக வீட்டுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். கேக் வெட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு மனதில் ஓடியதெல்லாம் இரும்பு அலுமாரியின் மற்றத் திறப்பை யாரிடம் கொடுத்தேன் என்பதுதான்.

ஆனால் கீரிமலைக் கேணியில் மதிலில் ஏறி நின்று கடைசியாகக் குதித்தது எப்போது? தெரியாது. மகளைச் சைக்கிள் பாரில் இருத்திக் கடைசியாகக் கொண்டுபோனது எந்த நாள்? அதுவும் தெரியாது. ஒரு கட்டத்தில் பாரில் ஏற மறுத்துக் கரியரில் ஏறினாள், அப்புறம் அவளுக்கே சைக்கிள் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

என் கேள்வி இது. கடைசி என்று முன்கூட்டியே தெரிவது நல்லதா, தெரியாமல் கடந்து போவது நல்லதா? சொந்த அனுபவத்தில் இருந்து எழுதுங்கள். "வாழ்க்கை ஒரு நதி" என்று ரோசாப்பூப் படத்தோடு வட்ஸ்அப்பில் வருவதைத் தயவுசெய்து இங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டாம். அது எனக்குக் காலையில் ஆறு மணிக்கே வந்துவிடுகிறது.


வடமராட்சியான் – ஞாயிறு, இரவு 8.25

எது கடைசி என்பதையே எங்கள் ஊரில் சுலபமாகச் சொல்லிவிட முடியாது அண்ணை. யாழ்தேவியை எடுங்கோ. 1956இல் ஓடத் தொடங்கிய ரயில். பருத்தித்துறைப் பக்கத்து ஆட்கள் நாங்கள் பஸ்ஸில் கொடிகாமம் வந்துதான் ஏறுவோம். 1990 ஜூனில் நின்றுபோனது. அந்த வருடத் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் திரும்பினேன். அனுராதபுரம் தாண்டியதும் நித்திரை. ஆனையிறவு உப்பளம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கொடிகாமத்தில் பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டி, "தம்பி, இறங்கேல்லையோ?" என்றார். சில மாதத்தில் இந்தப் பாதையில் ரயில் நின்று இருபத்துநாலு வருடத்துக்கு வராது என்று அவரும் நினைத்திருக்கமாட்டார்.

பிறகு தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கருக்குப் போட்டார்கள். சிலிப்பர் கட்டைகளும் போயின. ரயில் ஓடிய இடத்தில் பற்றை வளர்ந்தது. 2014 ஒக்டோபர் 13, ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்த அன்று நானும் ஸ்ரேசனில் நின்றேன். எனக்கு அது திரும்பி வந்த ரயில். பக்கத்தில் ஒரு இருபத்தைந்து வயதுப் பெடியன், தோளில் மூன்று வயது மதிக்கத்தக்க பிள்ளை. கதைத்துப் பார்த்தால், அவனும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ரயிலைப் பார்க்கிறான். தகப்பனும் பிள்ளையும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவனுடைய தகப்பன் என்றால் ஆனையிறவைக் கடந்த கதை சொல்லியிருப்பார், இவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, சேர்ந்து பார்த்தான்.

ஆகவே, கடைசி என்று தெரிந்தால் நல்லதா என்று கேட்பதற்கு முன், கடைசி என்று யார் அறிவிப்பது? 1990இல் யாராவது "இதுதான் கடைசி யாழ்தேவி" என்று மாலை போட்டு அனுப்பியிருந்தால் 2014இல் அந்த மாலையை என்ன செய்வது?


தாவடி மருமகள் – ஞாயிறு, இரவு 9.50

ஆம்பிளைகள் கடைசியைப் பற்றி எழுதினால் ரயிலும் கேணியும்தான் வருகிறது. என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, எல்லாம் நான் சந்தோசமாக வழியனுப்பியவை.

ஜாம் போத்தல் விளக்கு நினைவிருக்கிறதா? கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் மலிவாகவா கிடைத்தது? போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரியை இழுத்துக் கம்பியில் கொழுவி விடுவோம். அந்த வெளிச்சத்தில்தான் நான் ஏ.எல். படித்தேன். தலைமயிர் கருகும், மூக்குக்குள் கரி. காலையில் மூக்குச் சீறினால் கறுப்பு. வீட்டுக்குக் கரண்ட் வந்த அன்றைக்கு அந்தப் போத்தலைக் கழுவி ஊறுகாய் போட்டா அம்மா. எனக்கு ஒரு சொட்டுக் கவலை வரவில்லை. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்ததற்கும் நான் ஏங்கப்போவதில்லை. இதையெல்லாம் "அந்தக் காலம் போல வருமா" என்று எழுதுபவர்கள் உடுப்புத் தோய்த்தவர்கள் அல்ல.

இனி, இங்கே ஒருவரும் எழுதமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த ஒன்று. கொக்குவில் அண்ணை சாமத்திய வீட்டைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு முதல் வந்தபோது மாமி தண்ணி வார்த்தா, ஆலாத்தி எடுத்தார்கள், முட்டைக்கோப்பியும் நல்லெண்ணெயும் குடிக்கத் தந்தார்கள், ஒழுங்கை முழுக்கச் செய்தி போனது. இப்போது மண்டபம், வீடியோ, ட்ரோன் வரைக்கும் வந்துவிட்டது. நல்லது. ஆனால் அதே விசயம் நிற்கும்போது? ஒரு குருவிக்கும் தெரியாது. டொக்டர்மார் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்பார்கள். அதாவது கடைசி எதுவென்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும், அதுவும் திரும்பிப் பார்த்து எண்ணித்தான். இடையில் பதினோராம் மாதம் வந்து தொலைத்தால் கணக்கு முதலில் இருந்து. ராத்திரி வேர்த்து நனைந்து எழும்பி இருந்த நாட்களில், இது பற்றி அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். அம்மாவும் அவவின் அம்மாவிடம் கேட்டிருக்கமாட்டா.

ஆலாத்தி எடுக்கச் சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் "இப்ப எப்படி இருக்கு" என்று கேட்டாலே போதும்.


கொக்குவில்வாசி – ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, இதை எழுதியதற்கு நன்றி. என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "இப்பத்தான் கேக்கத் தோன்றிச்சோ" என்றா. மேற்கொண்டு எழுத எனக்குத் துணிவு இல்லை.


கைதடிப் பெடியன் – திங்கள், காலை 7.40

இந்த இழையில் நான்தான் வயது குறைந்தவன் போலிருக்கிறது. கடைசிகள் வயதானவர்களின் சொத்து என்று நினைக்கவேண்டாம். 2020 மார்ச்சில் நான் கம்பஸில் கடைசி வருடம். கொரோனா என்று கொஞ்ச நாள் லீவு விட்டார்கள். அறையில் மெத்தையைக்கூடச் சுருட்டவில்லை, கொடியில் சேட் தொங்கியது. அப்புறம் எல்லாம் சூமில் போய்விட்டது. திருநெல்வேலிச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் ஐந்து பேர் காசு சேர்த்து இரண்டு றோல்ஸ் வாங்கியதுதான் எங்கள் பச்சின் கடைசி நாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அந்த ஐந்து பேரில் இப்போது ஊரில் இருப்பது நான் மட்டும்.

தெரிந்திருந்தால் நல்லது என்பது என் கட்சி. தலைக்கு ஒரு றோல்ஸாவது வாங்கியிருக்கலாம்.


ஸ்காபுரோவான் – திங்கள், இரவு 9.05

தெரிந்தால் நல்லது என்பவர்கள் என் அம்மம்மாவோடு ஒரு கிழமை இருந்து பாருங்கள். நான் கனடாவிலிருந்து ஒவ்வொரு முறை வந்து வெளிக்கிடும்போதும் படலையடியில் நின்று "அடுத்தமுறை நீ வரேக்கை நான் இருக்கமாட்டன்" என்பா. முதல்முறை கேட்டபோது வானுக்குள் இருந்து அழுதுகொண்டே கட்டுநாயக்கா வரை போனேன். அதன்பிறகு எத்தனையோ தரம் வந்து போய்விட்டேன். அவவுக்கு இப்போது தொண்ணூற்றுநாலு. போன வருடமும் சொன்னா. "சரி அம்மம்மா, இருக்காட்டிலும் எனக்கு ஒரு போத்தில் மாங்காய் ஊறுகாய் போட்டுவைச்சிட்டுப் போங்கோ" என்றேன். ஊறுகாய்க்குச் சரி சொன்னா.

ஒவ்வொன்றையும் கடைசி என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தால் கொஞ்ச நாளில் அந்த நினைப்புக்கே கூர் போய்விடும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.


விஞ்ஞான வாத்தி – திங்கள், இரவு 10.30

ஓய்வுபெற்ற ஆசிரியன், பாடம் எடுக்கும் நோய் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறையப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் அளவுக்கு மிஞ்சி வரும். உளவியல் ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பக் கண்ட விசயம். முதல் காதல், முதல் சம்பளம், முதல் பிள்ளை எல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் விழுவதும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். மூளை புதியதைக் கவனித்துப் பதிகிறது, பழகியதை விட்டுவிடுகிறது.

கடைசியின் சிக்கல் இங்கேதான். பல தடவை செய்த ஒன்றின் கடைசித் தடவை, நடக்கும்போது முந்தைய தடவைகளைப் போலவேதான் இருக்கும். அதில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. பிறகு அது நடக்காமல் போவதால்தான் அது கடைசி ஆகிறது. கண்ணாடி இல்லாமல் நான் கடைசியாகப் பேப்பர் வாசித்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்வில்லை வருடக்கணக்காக இறுகிக்கொண்டு வருகிறது. நாற்பது தாண்டியதும் பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறோம், அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒருநாள் கை நீளம் போதாமல் போகிறது. இதுதான் கடைசி நாள் என்று ஒன்று இல்லையே.

கைதடித் தம்பிக்குச் சார்பாகவும் ஒரு தகவல். 2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. மாணவர்களுக்கு ஐந்து சொக்லேற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்து ருசியைக் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு முறையும் "இது அடுத்தது" என்று மட்டும் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஐந்தாவதைக் கொடுக்கும்போது "இது கடைசி" என்றார்கள். கடைசி என்று கேட்டவர்களுக்கு அந்த ஐந்தாவது கூடுதலாக ருசித்தது.


கொக்குவில்வாசி – செவ்வாய், காலை 8.00

வாத்தியார் சொன்னது சொக்லேற்றுக்குச் சரி. ஆமி நெருங்கி வர, 1995 ஒக்டோபர் 30 இரவு ஊர்ச்சனம் முழுவதையும் வெளிக்கிடச் சொன்னபோது, இந்த வீட்டில் இதுதான் கடைசி இரவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ருசித்ததா? மழை. நாவற்குழிப் பக்கம் அசையமுடியாத சனம், சைக்கிளின் இரண்டு பக்கமும் உரப்பை. பயம் இருக்கும் இடத்தில் ருசி வராது. நான் கோழிகளைத் திறந்துவிட்டதும், அம்மா வெளிக்கிட முன் வீட்டைக் கூட்டியதும்தான் நினைவு. "வாறவன் வீடு குப்பை எண்டு சொல்லக்கூடாது" என்றா. அப்பா கத்திக்கொண்டு நிற்கிறார், இவ விளக்குமாறோடு அறை அறையாகப் போகிறா.

1996 ஏப்ரலில் திரும்பி வந்தோம். வடமராட்சியான் சொன்னதுபோலக் கடைசி கடைசியாக இருக்கவில்லை. வீடு குப்பைதான்.


சுன்னாகத்து ஐயா – செவ்வாய், மாலை 4.45

எல்லோரும் தெரிவதா தெரியாமலா என்று நிற்கிறீர்கள். எனக்கு வேறு கேள்வி. என்னுடைய கடைசியைத் தீர்மானிக்கிற உரிமை யாருக்கு?

எனக்கு எழுபத்தாறு. சி 90 மோட்டார்சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன், கழுவித் துடைத்துக் கோயிலுக்கும் சந்தைக்கும் மெல்லமாகப் போய்வருவேன். போன தைப்பொங்கலுக்கு மறுநாள் பார்த்தால் திறப்பைக் காணோம். மகன் எடுத்து ஒளித்துவிட்டான். "அப்பா, போதும்." இரண்டு கிழமைக்குப் பிறகு மோட்டார்சைக்கிளையே விற்றாயிற்று, காசை என் கணக்கில் போட்டிருக்கிறான், ஒழுங்கான பிள்ளை. ஒருவரையும் இடித்தது கிடையாது. ஒரே ஒரு தரம் மருதனார்மடச் சந்தியில் ஓட்டோவோடு முட்டப் பார்த்தது. அதுவும் ஓட்டோக்காரனின் பிழை.

இனி ஒரு கட்டு வெற்றிலை வாங்குவதென்றாலும் மருமகளைக் கேட்கவேண்டும். அவ நல்ல பிள்ளை, முகம் கோணமாட்டா. கேட்கிற எனக்குத்தான் கூச்சம்.


தாவடி மருமகள் – செவ்வாய், இரவு 8.10

ஐயா, கோபிக்க வேண்டாம். மற்றப் பக்கத்தில் நிற்பவள் நான். மாமியார் எண்பது வயதில் விடியப்புறம் கிணற்றில் அள்ளிக் குளிப்பேன் என்று பிடிவாதம். மோட்டர் இருக்கிறது, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. பாசி பிடித்த கட்டில் நின்று வாளியை இழுக்கிறா, உள்ளே எனக்கு நெஞ்சு அடிக்கிறது. ஒருநாள் கயிற்றைக் கழற்றிவைத்தேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. விழுந்து இடுப்பு உடைந்திருந்தால் கட்டிலோடு வைத்துப் பார்ப்பது நான்தானே?

உரிமை உங்களுடையதுதான். ஆனால் விழுந்தால் அது உங்களோடு நிற்காது.


சுன்னாகத்து ஐயா – செவ்வாய், இரவு 8.40

பிள்ளை சொல்வது விளங்குகிறது. நான் குறை சொல்வது நிறுத்தியதை அல்ல, ஒளித்ததை. "அப்பா, இந்த மாத முடிவோடு நிப்பாட்டுவம்" என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், பிறகு சரி என்றிருப்பேன். ஒருதரம் மாவிட்டபுரம் வரைக்கும் ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்து திறப்பை நானே கொடுத்திருப்பேன்.


மாவிட்டபுரத்தான் – செவ்வாய், இரவு 9.00

ஐயா, அந்தச் சி 90 என்ன விலைக்குப் போனது?


மட்டுறுத்துநர் – செவ்வாய், இரவு 9.02

வாகன விலைக்கு வேறு பகுதி இருக்கிறது.


பனங்கொட்டை – புதன், காலை 6.20

சுன்னாகத்து ஐயா எழுதியதை வாசித்ததும் என் அப்பு நினைவுக்கு வந்தார். பனையில் கள்ளு இறக்கும் சீவல் தொழில். காலையும் பின்னேரமும் ஏறி இறங்குவார், ஒன்றிரண்டு மரம் அல்ல. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் இறங்கி வந்து, காலில் மாட்டி ஏறும் தளைநாரை வேலிக் கதியாலில் கொழுவினார். முட்டியை வைத்தார். கத்தியை எடுத்துப் பலகையில் மணல் தூவித் தீட்டினார், ஏறப்போகிறவர் தீட்டுவதுபோல நின்று நிதானமாக. மயிரில் கூர் பார்த்தார். அப்புறம் என் அண்ணனிடம் நீட்டி, "பின்னேரம் நீ ஏறு" என்றார். அவ்வளவுதான் விழா. முழங்கால் இரண்டு வருடமாக நோகிறது என்பது ஆச்சிக்குக்கூட அன்றைக்குத்தான் தெரியும்.

தன்னுடைய கடைசியைத் தானே நிறுத்திய ஒரே ஆள் என்று நான் பார்த்தது அவரைத்தான். பிறகு பனையடியில் நின்று அண்ணனுக்குக் கீழிருந்து புத்தி சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். அண்ணனுக்கு அது பெரிய கரைச்சல்.

தொழில் விட்ட பிறகு வளவின் எல்லையில் பனங்கொட்டை தாட்டார். பனை காய்க்கப் பதினைந்து இருபது வருடம் செல்லும். பாளை தள்ளும்வரை ஆண்பனையா பெண்பனையா என்றுகூடச் சொல்ல முடியாது. "அப்பு, நீங்கள் எப்ப நொங்கு குடிக்கிறது?" என்று கேட்டால் சிரிப்பார். இப்போது அதில் இரண்டு பெண்பனை, மற்றதெல்லாம் ஆண். முதல் நொங்கு வெட்டியது என் மகள். ருசி இல்லை, தண்ணி மாதிரி இருக்கு என்று துப்பிவிட்டாள்.


தனிச்சமையல் – புதன், இரவு 7.30

கடைசியைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறீர்கள். வயதுபோன பிறகு வருகிற முதல்களும் இருக்கின்றன.

மனைவி போய் இரண்டு வருடம். பிள்ளைகள் நோர்வேயில். வாழ்க்கையில் தேத்தண்ணி மட்டும் போடத் தெரிந்த நான் எழுபத்தொரு வயதில் முதன்முதலாகப் புட்டு அவித்தேன். கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. மகள் வீடியோ கோலில் நின்றாள். சுடுதண்ணியை மாவில் விட்டு அகப்பைக்காம்பால் கிண்டச் சொன்னாள், விட்டேன். உருண்டை உருண்டையாகக் கட்டிவிட்டது. "அப்பா, தண்ணி கூடிப்போச்சு, கொஞ்சம் மா போடுங்கோ." போட்டேன். "இனிப் பேணி விளிம்பாலே கொத்துங்கோ." அந்தக் கொத்து இருக்கிறதே, மனைவி கொத்தும்போது ஒரு தாளம் கேட்கும், குசினிக்குள் போகாமலே இன்றைக்குப் புட்டு என்று தெரிந்துவிடும். நான் கொத்தினால் தகரம் அடித்த சத்தம். நீத்துப்பெட்டியில் போட்டு அவித்து எடுத்தால் அரைவாசி வெந்தது, அரைவாசி வெள்ளை மா.

சம்பலோடு முழுவதையும் சாப்பிட்டேன். இப்போது பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பெடிச்சிக்கு ஒருநாள் கொடுத்தேன், பெட்டியைத் திருப்பித் தரும்போது அதற்குள் கத்தரிக்காய்ப் பொரியல் வந்தது.

அவவின் கையால் கடைசியாகச் சாப்பிட்ட புட்டு எது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆசுப்பத்திரிக்குப் போன அன்று காலையில் பாண் என்று மட்டும் தெரியும்.


விஞ்ஞான வாத்தி – புதன், இரவு 8.15

ஐயா, அரிசி மாவை வறுத்துத்தானே வைத்திருக்கிறீர்கள்? பச்சை மா என்றால் கட்டிதான் படும். தண்ணி கொதித்ததும் இறக்கிக் கொஞ்சம் பொறுத்து விடுங்கோ. இது விஞ்ஞானம் இல்லை, மனைவி பக்கத்தில் இருந்து சொல்கிறா.


ஸ்காபுரோவான் – புதன், இரவு 11.40

தனிச்சமையல் ஐயாவின் பதிவை வாசித்துவிட்டு அம்மம்மாவுக்குக் கோல் எடுத்தேன். ஊறுகாய் போட்டாயிற்றாம். "வந்து எடு, நான் இருக்கமாட்டன்" என்றா.


கைதடிப் பெடியன் – வியாழன், மாலை 5.30

முதலில் விளையாட்டாக எழுதிவிட்டுப் போனேன். இப்போது ஒரு உதவி கேட்கவேண்டும். அப்பா இந்த வருடம் பங்குனியில் தவறிவிட்டார். ஆடி அமாவாசை வருகிறது. இதுவரை அன்றைக்கு அப்பா விரதம் இருப்பார், நான் பின்னேரம் வடையும் பாயாசமும் சாப்பிடுவேன், அதுதான் எனக்கும் அந்த நாளுக்கும் இருந்த தொடர்பு. இந்த முறை முதல்தடவையாக நான் பிடிக்கவேண்டும். அம்மாவிடம் கேட்டால் அழத் தொடங்கிவிடுகிறா, கேட்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது, எங்கே போவது என்று யாராவது சொல்லுங்கோ.


தாவடி மருமகள் – வியாழன், மாலை 6.05

தம்பி, நீர் தனியே யோசிக்கவேண்டாம். கீரிமலையில் தீர்த்தமாடித் தர்ப்பணம் கொடுப்பதுதான் வழக்கம். தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரைப் பௌர்ணமி. அம்மா இருப்பதால் உமக்கு இது ஒன்றுதான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய்விட்டு வந்து, வீட்டில் சமைத்து அப்பாவின் படத்துக்கு முன் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் நீர் சாப்பிடலாம். அவருக்குப் பிடித்த கறி ஒன்றையும் சேர்த்துச் செய்யச் சொல்லும். காத்தோட்டிக்காய் கட்டாயம். வேலிகளில் படர்ந்து கிடக்கும், தேடினால் காசில்லாமல் கிடைக்கும். சந்தையில் என்றால் முதல் நாள் கொள்ளை விலை சொல்வார்கள், இரண்டு நாளைக்கு முன்பே வாங்கிவிடும். சரியான கைப்பு. நாங்கள் மெல்லிசாக வெட்டிப் பொரிக்கிறது.


கொக்குவில்வாசி – வியாழன், மாலை 6.30

கீரிமலைக்கு விடியவே போய்விடும் தம்பி. வெயில் ஏறினால் கேணியடியில் நிற்க இடம் கிடைக்காது. எள்ளும் தர்ப்பையும் ஐயரிடமே இருக்கும், மாற்று வேட்டி மட்டும் கொண்டுபோனால் போதும். முதல்முறை என்றால் ஐயர் சொல்வதைப் பின்னாலேயே சொல்லும், அவசரப்படுத்துவார், பதறவேண்டாம். துணைக்கு ஆள் இல்லை என்றால் உள்பெட்டியில் எழுதும், எப்படியும் என் அப்பாவுக்காக நான் போகத்தான் வேண்டும்.


சுன்னாகத்து ஐயா – வியாழன், இரவு 7.10

ஒன்றை விட்டுவிட்டார்கள். ஐயர் அப்பாவின் பெயரோடு நிற்கமாட்டார். அப்பப்பாவின் பெயரும் அவருடைய தகப்பனின் பெயரும் கேட்பார். மூன்று தலைமுறை. அங்கே போய் நின்று தலையைச் சொறியாமல் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளும்.


கைதடிப் பெடியன் – வியாழன், இரவு 7.25

அப்பப்பா வரைக்கும் தெரியும் ஐயா. அவருடைய அப்பாவின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கரணவாயில் அப்பாவின் தமக்கை, பெரிய மாமி இருக்கிறா. அவவுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் ரெலிபோனில் கேட்டால் காது கேட்காது.


சுன்னாகத்து ஐயா – வியாழன், இரவு 7.40

அப்ப நேரே போம். நெல்லியடி பஸ் எடுத்தால் ஒரு பின்னேர வேலை. பெயரைக் கேட்டதோடு எழும்பி ஓடிவராமல் இருந்து கதைத்துவிட்டு வாரும், அவவிடம் வேறு பெயர்களும் இருக்கும். கொப்பி ஒன்று கொண்டுபோம்.